கல், நாலு

செக்காலை ரோட்டில் கூரியர் கடை.
சாத்தையா பெட்டியைத் தராசில் வைத்தான்.
உள்ளே என்ன என்றேன், தலை நிமிராமல்.
ஆத்தங்குடிக் கல்லுண்ணே, மாதிரிக்கு நாலு.
தராசு எண்ணூற்றி நாற்பது கிராம் என்றது.

ஆத்தங்குடிக் கல்லைத் தோளில் சுமந்தவன் நான்,
பத்தொன்பது வயதில், லாரியிலிருந்து இறக்கி,
யார் யார் வீட்டு முகப்புக்கோ.
ஒற்றைக் கல்லே இதைவிடக் கனம்.
ஆனாலும் எழுதினேன்: கல், நாலு.
ரசீது கிழித்தேன்.
இது பன்னிரண்டாவது பெட்டி.
முன்னே போன பதினொன்றும்
எனக்கொன்றும் தெரியாது என்று சொல்லிக்கொள்ளத்
தோதான எடைதான்.

அன்றைக்கு மானாமதுரையில் மறியல், வண்டி வரவில்லை.
என் மேஜைக்கடியில் இரண்டு ராத்திரி கிடந்தது பெட்டி.
மூன்றாம் நாள் ஷட்டரைத் தூக்கினால்
ஈ.
மீன் மார்க்கெட்டே வழி தவறி வந்துவிட்ட மாதிரி.
எலிதான் செத்திருக்கும் என்று
பினாயில் வாளியோடு குனிந்தேன்.
நாறியது ஆத்தங்குடிக் கல்.

டேப்பைக் கிழித்தேன், அது என் வேலை இல்லைதான்.
ஈரத் தினத்தாளில் சுற்றிய முப்பத்தொரு தண்டு.
நாலு பட்டை, சாம்பல் பூத்த பச்சை,
இலை என்று சொல்ல ஒன்றுமில்லை,
வேரில் இன்னும் செம்புறாங்கல் பொடி.
அதில் ஒன்று மட்டும்
இருட்டில், டேப்புக்கும் அட்டைக்கும் நடுவே,
எலுமிச்சை அளவில் பூத்திருந்தது,
ஈரல் நிறத்தில்.
கள்ளிமுளையான்.
தன் கல்யாணத்துக்கு ஈயை அழைத்திருக்கிறது.
வந்து நின்றது நான்.

பெட்டி மேல் விலாசம்
ஏதோ நகரத்தில் பதினேழாவது மாடி.
பசித்த மேய்ச்சல்காரர் ஒரு முனை கிள்ளி
மென்றுவிட்டு நடக்கிற செடி,
அங்கே போய் பால்கனியில் நிற்கப் போகிறது
நாலு நாள், நாற்றம் தாங்காமல்
யாராவது தூக்கிப் போடும் வரைக்கும்.

வனக்காப்பாளர் லூர்துராணி ஸ்கூட்டரில் வந்தார்.
ஜீப் ரிப்பேர் என்றார்.
தண்டுகளை எண்ணினார், இரண்டு முறை.
ஒடித்தா எடுத்திருக்கிறான், பாதி தேறாது என்றார்.
பிறகு பதிவேட்டைக் கேட்டார்.
விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார்
என் கையெழுத்தில், பதினொரு முறை:
கல், நாலு.
கல், நாலு.
என்னை ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

சாத்தையா ஓடவில்லை.
பைக் தவணைக்குத்தாண்ணே என்றான்.
சும்மா கிடந்த செடி, யாரும் தண்ணிகூட ஊத்தல.
இடம் எப்படிடா தெரிந்தது?
அவன் போனைத் திருப்பிக் காட்டினான்.
போன மழைக்கு நான் எடுத்த படம்.
மழைக்குப் பின் ஓர் அபூர்வம் என்று
நானே எழுதி, மூன்று குழுக்களில் போட்டது.
படத்தின் காலடியில்
ஊருக்குக் கிழக்கே கண்மாய், அதற்கு அப்பால் பாறை,
எல்லாம் பொட்டு வைத்த மாதிரி தெரிந்தது.
இருநூற்று ஆறு பேர் இதயம் போட்டிருந்தார்கள்.
ஒருவன் மட்டும் கடப்பாரையோடு போயிருக்கிறான்.

வழக்கு எழுதி முடித்து, உத்தரவு வந்து,
பிழைத்த பதினாலைத் திரும்பக் கொண்டுபோனோம்.
எது எந்த இடுக்கில் இருந்தது என்று
சாத்தையாவுக்குத்தான் தெரியும், அவனும் வந்தான்.
காரைச் செடியின் முள்ளுக்கடியில்
கையைக் கீறிக்கொண்டு ஒவ்வொன்றாய்ச் செருகினான்.
நிழல் பார்த்து வைத்தான். அது எனக்கு ஆச்சரியம்.
மீதிக் குழிகளை அப்படியே விட்டோம்.

படத்தை அழித்துவிட்டேன்.
மற்றவர் போனில் இருப்பதை என்ன செய்ய?
மேலே கிழக்கு என்று எழுதியிருக்கிறேன்,
நம்பாதீர்கள், அது கிழக்கு இல்லை.
கண்மாயும் வேறு.
ஈக்களுக்கு வழி தெரியும், அவை வந்துகொள்ளும்.

சாத்தையாவுக்கும் தெரியும்.
அவனுக்குத் தவணைத் தேதி அஞ்சு.
இன்றைக்கு மூன்று.
கடையில் ஒரு பெட்டியின் எடையை
மறுபடியும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.